பட்டாசு வெடிக்காத ஊருக்குச் சரணாலயத்தில் என்ன பங்கு? (வேட்டங்குடி, நரிக்குறவர், கிராமசபை)

#1 தேனாற்றங்கரை

தீபாவளி முடிந்ததும் எல்லா நாளிதழிலும் நம்ம சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி வந்துவிட்டது. பறவைகளுக்காகப் பட்டாசு வெடிக்காத ஊர், குழந்தைகளுக்கு இனிப்பு, ஒரு படம். இனி அடுத்த தீபாவளிக்குத்தான் அந்த ஊர்ப் பெயர் அச்சில் ஏறும்.

எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி. பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள், சேர்த்து 38.4 ஹெக்டேர். 1977-ல் வேட்டங்குடி பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அறிவிப்புக்கு முன்பே அங்கே கூடு இருந்தது, அதனால்தான் அறிவிப்பே வந்தது. கல்யாணம், சாமி கும்பிடு என்றால்கூட ஒலிபெருக்கியை அடக்கி வாசிக்கிற சனம் அது. ஆனால் எந்த மரத்தை விடுவது, எதை வெட்டுவது, மண்ணை எப்போது அள்ளுவது, தண்ணீரை எந்த மாதம் வரை தேக்குவது என்று முடிவு செய்கிற இடத்தில் அவர்களுடைய சொல்லுக்கு எவ்வளவு எடை?

உலகம் முழுக்க இப்போது இதே பேச்சுதான். 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் நாடுகள் கூடி, 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாப்புக்குள் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டன. பூர்வகுடிகளின் உரிமையை மதித்தே அதைச் செய்ய வேண்டும் என்று அந்த இலக்கிலேயே எழுதியிருக்கிறது. செட்டிநாட்டில் நாம் யாரைச் சேர்ப்பது? கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கிற ஆயக்கட்டுக்காரரையா, மடை திறக்கிறவரையா, பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கிற நரிக்குறவர் குடும்பத்தையா? மூவரையும் என்பது என் எண்ணம். அதிலும் இந்தக் கடைசி ஆளை யாருமே கேட்டதில்லை, அவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 செம்மண்காடு

அண்ணே, முதல் பாதி சரி. கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது சந்தையில் கொக்கையும் காடையையும் கட்டித் தொங்கவிட்டு விற்றது யார்? அவர்கள் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது, பிழைப்புக்குச் செய்தார்கள். அதற்காக நாரை கூடு கட்டியிருக்கிற கரையில் கொண்டுபோய் நிறுத்தலாமா? பட்டாசை விட்டுக்கொடுத்தவனுக்கும் கண்ணி வைத்தவனுக்கும் ஒரே பந்தியில் இலை போட முடியாது.

#3 ஓய்வுபெற்ற வனக்காவலர்

தம்பி செம்மண்காடு, உங்கள் பயம் எனக்கும் பழக்கமானதுதான். சீருடையில் இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். குமுளியில் நடந்ததைக் கேளுங்கள்.

பெரியாறு புலிகள் காப்பகத்தில் வயனா (காட்டு இலவங்கம்) மரத்துப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்ற ஆட்கள் இருந்தார்கள். காட்டுக்குள் நாள்கணக்கில் தங்குவார்கள், மிளா கறி, சந்தனம் என்று எல்லாமே ஓடும். 1990-களின் பிற்பகுதியில் அந்தக் குழுவையே உட்கார வைத்துப் பேசி, வழக்குகளுக்கு ஒரு வழி செய்து, சூழல் மேம்பாட்டுக் குழுவாக மாற்றினார்கள். பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துப் போவது அவர்கள் வேலை, போகிற வழியில் காவலும் அவர்களே. திருடன் எந்த ஓடையில் இறங்குவான் என்று திருடியவனைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? அதே ஊரில் வசந்தசேனை என்று பெண்கள் சம்பளமில்லாமல் ரோந்து போகிறார்கள். மன்னான், பளியர் குடிகளுக்கும் தனித்தனிக் குழுக்கள் உண்டு.

ஆகவே நரிக்குறவர் இளைஞர்களைக் காவல் வேலைக்கு எடுப்பதை நான் ஆதரிக்கிறேன். ஒரு எல்லையும் சொல்லிவிடுகிறேன். வேலை கொடுக்கலாம், சம்பளம் கொடுக்கலாம், முடிவெடுக்கும் உரிமையை மட்டும் துறையிடம் விட்டுவிட வேண்டும். ஊருக்குள் கட்சி உண்டு, சாதி உண்டு, ஏலம் உண்டு. ஊராட்சித் தலைவர் மாறினால் கொள்கையும் மாறும். பறவைக்கு அது தாங்காது.

#4 ஆத்தங்குடி வாசல்

ஐயா, உங்கள் அனுபவத்துக்கு வணக்கம். ஆனால் "வேலை அவர்களுக்கு, முடிவு எங்களுக்கு" என்பது புது ஏற்பாடு இல்லை. நம் துறை பிறந்ததே அப்படித்தான். அதற்குச் சாட்சி என் வீட்டு வளவில் நிற்கிறது.

எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர். இந்த வீட்டுத் தூணெல்லாம் பர்மாத் தேக்கு. செட்டிநாட்டில் பாதி வீடுகள் அப்படித்தானே. அந்தத் தேக்குக் காட்டுக்கு 1856-ல் பொறுப்பேற்றவர் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மன்காரர். அவர்தான் 1864-ல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவர். பெகு மலைக்காட்டில் கரேன் குடிகள் காட்டை வெட்டி எரித்து, சில காலம் பயிர் செய்து, இடம் மாறுகிறவர்கள். அவர்களை விரட்டுவதைவிடப் பயன்படுத்திக்கொள்வது லாபம் என்று கண்டார்கள். பயிருக்கு நடுவே தேக்கங்கன்றை நடு, களை எடு, பிறகு அடுத்த இடத்துக்குப் போ. டாங்யா முறை என்று பெயர். நட்டவர் கரேன், மரம் அரசாங்கத்துக்கு. அவர்கள் திரும்பி வந்து பார்க்கையில் அந்த நிலம் தேக்குத் தோட்டம், அதற்குமேல் பயிர் செய்ய இடமில்லை.

அந்தத் தேக்கை வாங்கி வந்து வீடு கட்டிய பரம்பரையில் வந்தவள் என்பதால் எனக்கு இதில் ஒரு கடன் இருக்கிறது. கூலிக்கு ஆள் சேர்ப்பதும் பங்காளியாகச் சேர்ப்பதும் வேறு வேறு. நரிக்குறவர் பையனுக்குத் தொப்பியும் விசிலும் கொடுத்துவிட்டு, கண்மாயைப் பற்றிய கூட்டத்துக்கு அவனைக் கூப்பிடவில்லையென்றால் நாம் பெகு மலையைத்தான் திரும்பவும் செய்கிறோம்.

#5 செம்மண்காடு

ஆச்சி, நம் வீட்டுத் தூணை இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. இருந்தாலும் வேட்டை பற்றிய என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

#6 கலுங்கடி

நான் விவசாயி. எங்கள் கண்மாய் சரணாலயம் கிடையாது. ஆனால் வேட்டங்குடியில் கூடு கட்டுகிற நாரை இரை தேடி வருவது எங்கள் வயலுக்குத்தான். 38 ஹெக்டேருக்குள் அத்தனை குஞ்சுக்கும் தீனி கிடைக்காது. நத்தைகுத்தி நாரைக்கு நத்தை எங்கே கிடைக்கும்? வயலில், வாய்க்காலில், பக்கத்து ஊர்க் கண்மாயில். நான் வயலில் அடிக்கிற மருந்தை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அது பறவைக்கு நான் செய்கிற காவல்தான். அதை எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதுவதில்லை.

தண்ணீர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வடகிழக்கு மழையில் கண்மாய் பெருகினால்தான் பறவை வரும். வந்து, கூடு கட்டி, குஞ்சு பறக்கத் தை, மாசி ஆகிவிடும். எங்களுக்கு மார்கழிக் கடைசியில் பயிருக்குக் கடைசித் தண்ணீர் தேவை. மடையைத் திறந்தால் மரத்தடியில் தண்ணீர் வற்றும், வற்றினால் நாயும் பூனையும் நடந்தே கூட்டுக்கடியில் வந்துவிடும். திறக்காவிட்டால் கதிர் பதராகும். இந்த இடத்தில்தான் மனிதனுக்கும் பறவைக்கும் உண்மையான வழக்கு. காகிதத்தில் எழுதிய உத்தரவால் இதைத் தீர்க்க முடியாது. எத்தனை அடி நிறுத்தலாம், எந்த மடையை எத்தனை நாள் திறக்கலாம் என்று கரையில் நின்று பேசித்தான் தீர்க்க முடியும். மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுகிற பழைய நீர்ப்பாய்ச்சிகளுக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். கண்மாயில் கம்பு நட்டுப் பார்க்காமலே எத்தனை ஏக்கர் பாயும் என்று சொல்வார்கள். அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர்தான் மிச்சம்.

வண்டல் அள்ளுவதும் அப்படித்தான். பறவை எச்சம் விழுந்த கண்மாய் வண்டல் வயலுக்கு உரம். வேடந்தாங்கல்காரர்கள் இதற்காகத்தானே அந்தக் காலத்திலேயே பறவையைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள்மேல் போய்ப் புகார் சொன்னார்கள்? பறவையால் வருகிற நன்மை ஊருக்குக் கிடைத்தது, ஊர் காத்தது. அந்த வரவை நிறுத்திவிட்டுக் காவலை மட்டும் கேட்டால் எத்தனை தலைமுறைக்கு நடக்கும்?

#7 தேனாற்றங்கரை

கலுங்கடி அண்ணே, வேடந்தாங்கல் பற்றிக் கூடுதலாக ஒரு வரி. அந்தப் புகாரைக் கேட்டு, அங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊருக்கு எழுதிக் கொடுத்தவர் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ். 1798 என்று சொல்வார்கள். நாட்டில் வனவிலங்குச் சட்டம் வந்தது 1972-ல்.

#8 கூழைக்கடா

பறவை பார்க்கிறவன் என்ற முறையில் பரத்பூர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும், இந்த விவாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை.

ராஜஸ்தானில் கேவலாதேவ் தேசியப் பூங்கா. நம் கண்மாய் மாதிரியே மனிதர் கரை கட்டி உண்டாக்கிய நீர்நிலைதான். சுற்றுவட்டாரக் கிராமத்து எருமைகள் அங்கே காலங்காலமாக மேய்ந்தன. 1982-ல் மேய்ச்சலுக்குத் தடை போட்டார்கள். மக்கள் எதிர்த்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. எருமை போனால் பறவை பெருகும் என்று நினைத்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகள் ஆய்வு செய்ததில் நேர்மாறாகத் தெரிந்தது. எருமை தின்றுகொண்டிருந்த நீர்ப்புல் கட்டுக்கடங்காமல் வளர்ந்து தண்ணீர்ப் பரப்பையே மூடிவிட்டது. திறந்த நீர் தேடி வருகிற பறவைகளுக்கும் மீனுக்கும் இடமில்லாமல் போனது. பிறகு அதே கிராமத்துக்காரர்களைப் புல் அறுத்துக்கொண்டு போக அனுமதித்தார்கள்.

தடைக்கு முன் அந்த எருமைக்காரர்களிடம் யாராவது உட்கார்ந்து கேட்டிருந்தால் உயிர் போயிருக்காது, நீர்நிலையும் கெட்டிருக்காது. உள்ளூர்க்காரரைச் சேர்ப்பது தர்மகாரியம் என்று மட்டும் பேசுகிறோம். அவர்களைக் கேட்காவிட்டால் இடமே கெட்டுவிடும் என்பதற்கு இது கண் முன்னால் இருக்கிற சான்று.

நம் பக்கத்திலும் யோசிக்க வேண்டியது உண்டு. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம், நானும்தான். ஆனால் கூடு இருக்கிற கண்மாயில் ஒரே கோடையில் இயந்திரத்தை விட்டு எல்லாவற்றையும் வழித்துவிட்டால், நாட்டுக்கருவேலம் வளர்ந்து கூடு தாங்கும் வரை பறவை எங்கே போகும்? எந்த மரத்தில் வக்கா, எதில் பாம்புத்தாரா, எதில் அரிவாள்மூக்கன் என்று ஆண்டுதோறும் பார்க்கிற கண் கரையில் இருக்கிறது. அந்தக் கண்ணைக் கேட்டு வெட்டுங்கள்.

#9 ஊசிமணி

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நான் நரிக்குறவர் குடும்பம். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள். செம்மண்காடு அண்ணனுக்குத்தான் முக்கியமாகப் பதில்.

அண்ணே, நீங்கள் சந்தையில் பார்த்தது உண்மை. எங்கள் தாத்தா கொக்கு அடித்தார், காடைக்குக் கண்ணி வைத்தார், விற்றார். நாங்கள் பறவையைப் பூப்போலக் காத்தோம் என்று பொய் சொல்ல வரவில்லை. பசி. வாங்கித் தின்றவர்கள் உங்கள் தெருவிலும் இருந்தார்கள், அதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். 1972 சட்டத்துக்குப் பிறகு அந்தத் தொழில் குற்றமானது. துப்பாக்கி போனது, கண்ணி போனது. அதற்குப் பதிலாக எங்களுக்கு வந்தது ஊசியும் பாசியும் பலூனும். நிலம் கிடையாது, சாதிச் சான்றிதழுக்கே அலைச்சல். பழங்குடிப் பட்டியலில் எங்களைச் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்கு எத்தனை காலம் கேட்டுக்கொண்டே இருந்தோம் என்று எங்கள் பெரியவர்களிடம் கேளுங்கள்.

ஆனால் கண்ணி போனாலும் தாத்தாவின் காது போகவில்லை. இருட்டில் ஒரு குரல் வந்தால் என்ன பறவை, தனியா கூட்டமா, பயந்து கத்துகிறதா குஞ்சைக் கூப்பிடுகிறதா என்று சொல்வார். கவுதாரி மாதிரி அவர் கூப்பிட்டால் கவுதாரி பதில் கொடுக்கும். காற்று எந்தப் பக்கம் அடித்தால் உள்ளான் எந்த வரப்பில் இறங்கும் என்று தெரியாதவன் கண்ணி வைக்கவே முடியாது. இந்த அறிவு எங்களிடம் இன்னும் ஒரு தலைமுறைதான் இருக்கும். என் தம்பிக்குப் பாதி தெரியாது. எனக்கே கால்வாசிதான்.

செங்கல்பட்டுப் பக்கம் இருளருக்கும் இதே நிலைதான் வந்தது. பாம்புத் தோல் வியாபாரத்தை அரசு தடை செய்ததும் தொழில் போனது. 1978-ல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது, வடநெம்மேலியில். இப்போது அவர்கள் பாம்பைப் பிடிக்கிறார்கள், விஷம் எடுக்கிறார்கள், திரும்பக் காட்டில் விடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடிக்கு மருந்து செய்ய வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி அந்தச் சங்கத்திலிருந்து போகிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பைக் கொன்று தோல் விற்ற பரம்பரைதான் அண்ணே அதுவும். அவர்களுடைய கைத்திறமையை ஒழிக்காமல், அதை வேறு வேலைக்குத் திருப்பினார்கள். சங்கமும் அவர்கள் பெயரில்.

எனக்கு வேண்டியது தொப்பியும் விசிலும் இல்லை, ஆத்தங்குடி ஆச்சி சொன்ன மாதிரி. கூட்டத்தில் ஒரு இடம். பறவைக் கணக்கெடுப்பில் எங்கள் பெரியவர்களின் பெயர். பயணிகளை அழைத்துப் போய்க் காட்டினால் அந்த வருமானத்தில் பங்கு. இது மூன்றும் இருந்தால் கண்ணி வைக்க வருகிற வெளியூர்க்காரனை முதலில் பிடிப்பது நாங்களாகத்தான் இருப்போம். கண்ணி எங்கே இருக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

#10 செம்மண்காடு

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். வாங்கித் தின்றவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள் என்பது உண்மை. காவல் வேலை, கணக்கெடுப்பு இரண்டுக்கும் நான் ஒத்துக்கொள்கிறேன். முடிவெடுக்கும் இடம் பற்றி இன்னும் எனக்குத் தயக்கம் உண்டு, ஆனால் அது உங்களுக்காக மட்டும் இல்லை, எல்லோருக்கும்தான். வனக்காவலர் ஐயா சொன்ன ஏலம், கட்சி விஷயம் எனக்கும் உறுத்துகிறது.

#11 வழக்காடுமன்றம்

சட்டத்தில் என்ன இடம் இருக்கிறது என்று சொல்கிறேன். அது தெரியாமல் பேசினால் வானத்தில் வீடு கட்டுவோம்.

வனவிலங்குச் சட்டத்தின் 33-ஆ பிரிவு, 2002 திருத்தத்தில் வந்தது. ஒவ்வொரு சரணாலயத்துக்கும் ஆலோசனைக் குழு. அந்தத் தொகுதி சட்டமன்ற உறுப்பினர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் மூன்று பேர், தொண்டு நிறுவனங்களிலிருந்து இரண்டு பேர், வனவிலங்குப் பாதுகாப்பில் ஈடுபட்டிருக்கும் தனிநபர்கள் மூன்று பேர் எல்லாம் அதில் வர வேண்டும். பெயரிலேயே இருக்கிறது, ஆலோசனைதான். கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனாலும் அந்த மூன்று தனிநபர் இடங்களில் ஒரு நரிக்குறவர் பெரியவரும் ஒரு நீர்ப்பாய்ச்சியும் வருவதற்குச் சட்டம் எங்கேயும் தடை சொல்லவில்லை.

அதே திருத்தத்தில் சமூகக் காப்பகம் என்று புது வகை ஒன்றும் வந்தது. அங்கே நிர்வாகக் குழுவில் ஊராட்சியோ கிராமசபையோ நியமிக்கிறவர்கள்தான் பெரும்பான்மை. இது ஏற்கெனவே சரணாலயமாக இருக்கிற இடத்துக்குப் பொருந்தாது. ஊருக்கோ தனியாருக்கோ சொந்தமான நிலத்துக்குத்தான். நம் பக்கம் அய்யனார் கோயில்காடுகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

2006 வன உரிமைச் சட்டம் இன்னும் ஆழமானது. சமூக வன வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராமசபைக்கு உரிமை உண்டு என்று சொல்கிறது. ஒடிசாவின் நியமகிரியில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சுரங்கம் தோண்டலாமா என்ற முடிவைக் கிராமசபைகளிடம் விட்டது இந்தச் சட்டத்தை வைத்துத்தான். 12 கிராமசபைகள் கூடின, 12-ம் சுரங்கம் வேண்டாம் என்றன. கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலை புலிகள் காப்பகத்தில் சோலிகர் பழங்குடிகளுக்கு 2011-ல் சமூக உரிமை கிடைத்தது.

ஊசிமணி தம்பி கவனிக்க இரண்டு செய்திகள். நாடோடிச் சமூகங்கள் பருவத்துக்குப் பருவம் வந்து பயன்படுத்திய வளத்தின்மேல் உரிமை கோரலாம் என்றும், பல்லுயிர் பற்றிய மரபறிவில் சமூகத்துக்கு உரிமை உண்டு என்றும் வன உரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் இருக்கிறது. அதே பிரிவில் வேட்டையும் கண்ணியும் உரிமையில் சேராது என்றும் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆக செம்மண்காடு அண்ணனின் முதல் பயத்துக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது. ஆனால் இந்த உரிமை தானாக வராது. வனநிலத்தை முதன்மையாகச் சார்ந்து வாழ்ந்தோம் என்று நிரூபிக்க வேண்டும். ஊர் ஊராகப் போனவர்களிடம் என்ன ஆவணம் இருக்கும்? அங்கேதான் சிக்கல். வயதில் மூத்தவர்களின் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கலாம் என்று விதிகள் சொல்கின்றன. அதனால் பெரியவர்கள் இருக்கும்போதே அதை எழுதி வைப்பது அவசரம்.

#12 மணமேல்குடிக் காற்று

எங்கள் கடல் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் கடற்பசுக் காப்பகம் அறிவித்தார்கள், 448 சதுர கிலோமீட்டர், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரம். வலையில் கடற்பசு மாட்டினால் வலையை அறுத்து விடுகிற மீனவருக்கு ஊக்கத்தொகையும் பாராட்டும் கொடுக்கிறார்கள். வலை போனால் நட்டம் மீனவனுக்கு. அதை ஈடு செய்யாமல் "காப்பாற்று" என்று மட்டும் சொல்லியிருந்தால் கரைக்குச் செய்தியே வந்திருக்காது. கலுங்கடி அண்ணன் மருந்து அடிக்காமல் விட்ட ஒரு மாதத்துக்கும் அதே கணக்கு வேண்டும்.

#13 டார்வின் தமிழன்

சொந்த ஊர் தேவகோட்டை, இப்போது ஆஸ்திரேலியாவின் வடக்கே இருக்கிறேன். உலுரு என்ற பாறை மலையைப் படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1985 அக்டோபர் 26-ல் அந்த நிலத்தை அதன் பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் அதைத் தேசியப் பூங்காவாக நடத்த அரசுக்கு 99 ஆண்டு குத்தகைக்கு விட்டார்கள். நிர்வாகக் குழுவில் அனங்கு மக்களே பெரும்பான்மை.

பெரும்பான்மை இருந்தும் எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? பாறை மேல் ஏறாதீர்கள், எங்களுக்கு அது புனிதம் என்று தொடக்கத்திலிருந்தே கேட்டார்கள். ஏறுவது நிறுத்தப்பட்டது 2019 அக்டோபர் 26-ல். 34 ஆண்டுகள். சுற்றுலா வருமானம் குறையும் என்ற பேச்சு அத்தனை காலம் குறுக்கே நின்றது. அவசரப்பட்டு மனம் தளர வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். நிலத்தின் பேரில் உரிமை அவர்கள் கையில் இருந்ததால்தான் 34 ஆண்டுகள் கழித்தாவது நடந்தது. வெறும் ஆலோசகர்களாக இருந்திருந்தால் இன்றும் ஏறிக்கொண்டிருப்பார்கள்.

காட்டுக்கு அளவாகத் தீ வைப்பதையும் இங்கே பூர்வகுடிகளிடமிருந்துதான் திரும்பக் கற்கிறார்கள். குளிர்ந்த பருவத்தில் சின்னச் சின்னதாக எரித்துவிட்டால் கோடையில் பெருந்தீ பரவாது. தீ என்றாலே குற்றம் என்று நூறாண்டு தடுத்து வைத்த பிறகு வந்த ஞானம்.

#14 கோலமாவு

எல்லாரும் "ஊர், ஊர்" என்கிறீர்கள். யார் ஊர்? நான் மகளிர் குழுவில் இருக்கிறேன், நிறைய கிராமசபை பார்த்தாயிற்று. முன்வரிசை நாற்காலியில் யார், ஓரமாகத் தரையில் யார் என்று எனக்குத் தெரியும். மடை திறக்கிற நீர்ப்பாய்ச்சி குடும்பங்கள் நம் பக்கம் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவை. கண்மாயைப் பற்றி அவர்களைவிடத் தெரிந்தவர் கிடையாது, கண்மாய்க் கூட்டத்தில் அவர்கள் பேசி நான் கேட்டது கிடையாது. மீன் ஏலத்துப் பணம் எந்தக் கோயில் கணக்கில் சேருகிறது, எந்தத் தெருக் கோயிலுக்குச் சேராது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

வனக்காவலர் ஐயா, ஊருக்குள் சாதியும் கட்சியும் இருப்பதால் முடிவைத் துறையிடமே விட வேண்டும் என்றீர்கள். நான் அதே காரணத்தை வைத்து வேறு முடிவுக்கு வருகிறேன். குழு அமைக்கும்போதே யார் யாருக்கு எத்தனை இடம் என்று எழுதிவிட வேண்டும். பெண்களுக்குப் பாதி. நீர்ப்பாய்ச்சிக்கு ஒன்று, நரிக்குறவருக்கு ஒன்று, ஆயக்கட்டுக்கு இரண்டு. தலைவர் மாறினாலும் அந்த இடங்கள் மாறாது. விறகு பொறுக்கப் போவதும், ஆடு மாடு ஓட்டிப் போவதும், கோரை அறுப்பதும் பெண்கள். கரையில் அதிக நேரம் நிற்கிறவள் கூட்டத்தில் இல்லாவிட்டால் அந்தக் கூட்டத்துக்குக் கண்மாயைப் பற்றிப் பாதிதான் தெரியும்.

#15 ஓய்வுபெற்ற வனக்காவலர்

கோலமாவு அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இடத்தை எழுதி வைத்துவிட்டால் என் பயம் பாதி குறையும். மீதிப் பாதிக்கு ஒரு நிபந்தனை. கூடு இருக்கும் மாதங்களில் மரம் வெட்டுவதில்லை, கரைக்குள் இயந்திரம் இறங்குவதில்லை, இந்த இரண்டையும் எந்தக் குழுவும் வாக்கெடுத்து மாற்றக்கூடாது. அதை ஒப்புக்கொண்டால் தண்ணீர், வண்டல், வழிகாட்டி வேலை, கணக்கெடுப்பு எல்லாவற்றையும் குழு முடிவு செய்யட்டும். நான் வந்து கூட்டத்தில் பேசவும் தயார். துறையில் எனக்குத் தெரிந்த இளைய அதிகாரிகள் சிலர் இதைக் காது கொடுத்துக் கேட்பார்கள்.

#16 கலுங்கடி

அந்த இரண்டும் எங்களுக்குச் சம்மதம் ஐயா. நாங்கள் கேட்பதும் கூடு காலி ஆன பிறகு, சித்திரை வைகாசியில் அள்ளத்தான்.

#17 கூழைக்கடா

அரிட்டாபட்டியை மறக்க வேண்டாம், மேலூர் நமக்குப் பக்கம்தானே. 2022 நவம்பரில் அதைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத்தலமாக அறிவித்தார்கள், 193 ஹெக்டேர். அந்த அறிவிப்பு இருந்தும் 2024 நவம்பரில் அந்தப் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் வந்தது. ஏலத்தை நிறுத்தியது மரபுத்தலப் பலகை இல்லை. ஊர் ஊராகக் கிராமசபைத் தீர்மானம் போட்டு, மேலூரிலிருந்து மதுரை வரை மக்கள் திரண்டு போனார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ரத்து செய்தது. நாளைக்கு வேட்டங்குடிக்கு அப்படி ஒன்று வந்தால் துறை மட்டும் நின்று தடுக்க முடியுமா? அதிகாரி மாற்றலாகிப் போவார், ஊர்தான் அங்கேயே இருக்கும்.

#18 வழக்காடுமன்றம்

அப்படியானால் வேலையைத் தொடங்குவோம். அடுத்த கிராமசபை ஜனவரி 26. தீர்மான வரைவை நான் எழுதுகிறேன். மூன்று செய்திகள் போதும். ஒன்று, 33-ஆ ஆலோசனைக் குழுவில் கோலமாவு அம்மா சொன்ன இட ஒதுக்கீட்டோடு உள்ளூர் ஆட்களை நியமிக்கக் கோருவது. இரண்டு, வனக்காவலர் ஐயாவின் இரண்டு நிபந்தனைகளையும் ஊரே முன்வந்து ஏற்பதாகச் சொல்வது. இது இருந்தால் துறைக்கும் நம்பிக்கை வரும். மூன்று, ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு வைத்திருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் நரிக்குறவர், நீர்ப்பாய்ச்சி இருவரின் அறிவையும் அவர்கள் பெயரோடு பதிவு செய்வது. பெயர் முக்கியம். பின்னால் உரிமை கேட்கும்போது அந்தப் பக்கம்தான் சான்று.

ஊராட்சித் தலைவரிடம் பேச உள்ளூர் ஆள் யாராவது முன்வர வேண்டும். நான் காரைக்குடி, நான் பேசினால் வெளியூர்க்காரன் பேச்சாகிவிடும்.

#19 ஊசிமணி

பதிவேட்டு வேலைக்கு எங்கள் பெரியவர்கள் இருவரை அழைத்து வருகிறேன். ஒருவருக்குக் கண் சரியில்லை, காது நன்றாக இருக்கிறது. குரல்களைப் பதிவு செய்ய நல்ல கருவி யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள், கைப்பேசியில் தூரத்துக் குரல் விழாது. அவர்கள் சொல்கிற பெயர்கள் எங்கள் பேச்சில் இருக்கும். நான் கூட இருந்து தமிழில் சொல்கிறேன். சாப்பாடும் வண்டிச் செலவும் பார்த்துக்கொண்டால் போதும், அன்றைக்கு வியாபாரம் போகாததற்கு ஏதாவது கொடுத்தால் நல்லது.

#20 ஆத்தங்குடி வாசல்

செலவு என் பொறுப்பு தம்பி. அன்றைய வியாபாரத்துக்கு உண்டானதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், அது கூலி இல்லை, அறிவுக்கு மரியாதை. தங்க வேண்டுமென்றால் எங்கள் வளவில் இடம் இருக்கிறது.

#21 செம்மண்காடு

எனக்கு ஊராட்சித் தலைவர் உறவுமுறை. நான் பேசுகிறேன். வழக்காடுமன்றம் அண்ணே, வரைவை இங்கேயே போடுங்கள், அவர் கேட்கிற கேள்விக்கு நான் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நரிக்குறவருக்கு ஏன் இடம் என்றுதான் முதலில் கேட்பார். #9-ஐ அப்படியே அச்செடுத்துக் கொண்டுபோகலாமா, ஊசிமணி தம்பி?

#22 ஊசிமணி

தாராளமாக அண்ணே. ஆனால் காகிதம் மட்டும் போக வேண்டாம், நானும் வருகிறேன். எந்த நாள் என்று சொல்லுங்கள்.